எந்தப் படத்தைக் கேட்கிறார்கள்? அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பிக்கும் மலையகத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையில் தேசிய அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ முதன்முறையாக விண்ணப்பிக்கப் போகிறவரிடம் எல்லோரும் "படம் வேண்டும்" என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படம், அதைத் திணைக்களத்துக்கு அனுப்பியதற்கான பற்றுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழின் பிரதி, அதே சான்றிதழை ஸ்கேன் செய்த கோப்பு, விரல் அடையாளம் ஆகிய அனைத்துக்கும் இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், ஒன்றைக் கேட்டவரிடம் வேறொன்றை நீட்டிவிட்டுத் திரும்பி வருபவர்கள் ஏராளம். மஸ்கெலியாவின் மேல் டிவிசன் (தோட்டப் பிரிவு) ஒன்றிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஹட்டனுக்கு வந்து போவதற்கே ஒரு நாள் பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடும்; பஸ் காசும் பகல் சாப்பாடும் அதற்கு மேல். என் வீட்டாருக்கும் பக்கத்து லயத்தாருக்கும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டாருக்கும்) இந்தப் பத்திரங்களை எடுத்துக் கொடுக்க அலைந்தபோது எங்களைத் திருப்பி அனுப்பியவர்களுக்குப் பெரும்பாலும் சரியான காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை முதல் நாளே சொல்லத்தான் ஆளில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. எந்தப் படம் என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

"படம்" என்ற சொல் காதில் விழுந்ததும் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். தாளில் அச்சிட்ட படமா, கணினி வழியாகப் போக வேண்டிய படமா, அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும், என்ன அளவு, பிரதியென்றால் உறுதிப்படுத்தியதா சாதாரணமானதா என்று கேட்டு, பதிலை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் சொன்னது விளங்கவில்லையென்றால் அதைத் தாளில் எழுதித் தரும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடையாள அட்டைக்கு, ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு செய்த ஸ்டூடியோ ஒன்றில் எடுத்து அங்கிருந்தே திணைக்களத்துக்கு அனுப்பப்படும் படம் வேண்டும். கடவுச்சீட்டுக்கு, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அனுமதித்த ஸ்டூடியோவிலிருந்து அந்தத் திணைக்களத்துக்கு அனுப்பப்படும் படம் வேண்டும். ஒரே கதிரையில் உட்கார்ந்து ஒரே நாளில் எடுத்தாலும் இவை இரண்டும் தனித்தனிக் காரியங்கள். ஒன்றுக்கு அனுப்பிய படம் மற்றதற்குத் தானாகப் போய்ச் சேராது. யாத்திரைக்கோ உறவினரைப் பார்க்கவோ இந்தியா போகிறவர்களிடம் விசாவுக்கு வெள்ளைப் பின்னணியில் 2 அங்குலச் சதுரப் படம் கேட்பார்கள். 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட கடவுச்சீட்டு அளவுப் படம் அதற்கு உதவாது. அதை வெட்டிச் சதுரமாக்கினால் தலையோ தோளோ போய்விடும்.

வங்கிச் செயலிகள் கேட்பது இன்னொரு வகை: அடையாள அட்டையுடன் நீங்களே எடுத்துக்கொள்ளும் செல்ஃபி. பல தொலைபேசிகளின் முன் கமரா கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய படத்தைச் சேமிப்பதால், அட்டையிலுள்ள எழுத்துகளும் இடவலம் மாறி வாசிக்க முடியாமல் போகும். கமராவின் அமைப்புகளுக்குள் சென்று அந்தத் தெரிவை நிறுத்திவிட்டு எடுங்கள்.

2. படம் எடுக்கும் முன் பெயரைச் சரிபாருங்கள்

மலையகத்தில் மிக அதிகமான நாட்களை விழுங்குவது பெயர்ப் பிரச்சினைதான். பிறப்புச் சான்றிதழில் இராமையா, பாடசாலைப் பதிவில் ராமையா. தாயின் பெயர் ஒன்றில் முத்துலட்சுமி, இன்னொன்றில் லெட்சுமி. தகப்பனின் பெயர் ஓரிடத்தில் முழுமையாக, மற்றோரிடத்தில் முதலெழுத்தாக மட்டும். தோட்டத்துப் பிறப்புகள் பல சிங்களத்தில் பதியப்பட்டவை. அதிலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியதால் இந்த வேறுபாடுகள் வந்தன. உங்கள் குடும்பத்தின் கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் மனம் தளராதீர்கள்.

எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். திருத்தம் தேவையென்றால் அதை முதலில் தொடங்குங்கள், ஏனென்றால் பிறப்புப் பதிவைத் திருத்தும் வேலை மாதக்கணக்கில் இழுபடும். புகைப்படத்தை அதற்கு முன்பே எடுத்துவிட்டால், திருத்தம் கைக்கு வரும்போது படம் பழையதாகிவிடும். இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கும் வழி ஒன்றும் உண்டு. அது எல்லா இடத்திலும் ஏற்கப்படுவதில்லை; ஆகையால் அதற்குக் காசு செலவழிக்கும் முன் விண்ணப்பத்தை ஏற்கப் போகும் அலுவலகத்திலேயே கேளுங்கள். பிறப்பே பதியப்படாதவர்கள் காலங்கடந்த பதிவை முடித்த பின்னரே மற்ற எதையும் தொடங்க முடியும். இப்போது வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதென்றால், பிறந்த 42 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிள்ளை உங்களைப் போல் அலைய வேண்டியிருக்காது.

1960 முதல் பதியப்பட்ட பிறப்புகளின் சான்றிதழ்ப் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். இப்போது தருவது, அன்று பதிவாளர் கையால் எழுதிய பக்கத்தை ஸ்கேன் செய்து அச்சிட்ட படம். மை மங்கிய பக்கமாக இருந்தால் அச்சிலும் மங்கலாகவே வரும். கருமபீடத்தை (கவுண்டரை) விட்டு நகரும் முன், பிறந்த திகதியில் உள்ள 1 என்பது 7 போலவும் 3 என்பது 8 போலவும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் அங்கேயே சொல்லி, தெளிவாக இன்னொரு முறை அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். இந்த ஒரு தாளிலிருந்துதான் இனி நீங்கள் எடுக்கப் போகும் எல்லாப் பிரதிகளும் பிறக்கின்றன.

3. ஸ்டூடியோவில்

உள்ளே நுழைந்ததும் "எந்தத் திணைக்களத்துக்கு" என்பதை நீங்களே சொல்லுங்கள். "பாஸ்போட் சைஸ்" என்று மட்டும் சொன்னால் எட்டுப் படங்களை அச்சிட்டு உறையில் போட்டுத் தந்துவிடுவார்கள்; திணைக்களத்துக்கு எதுவும் போயிருக்காது. சுவரில் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை போன்ற நகரங்களில் இத்தகைய ஸ்டூடியோக்களைத் தேடுவது எளிது. சிறிய கடைவீதிகளில் விசாரித்துத்தான் செல்ல வேண்டும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரப்படி, முகம் நேராகக் கமராவைப் பார்க்க வேண்டும், கண்கள் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், சிரிப்போ கோபமோ தெரியக்கூடாது, பின்னணியில் நிழல் விழக்கூடாது, முகம் படத்தின் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம்வரை நிறைக்க வேண்டும். கூந்தல் நெற்றியையோ கன்னத்தையோ மறைக்காதபடி பின்னால் இழுத்துக் கட்டுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் ஒளி பட்டுக் கண் மறையும். மழை மாதங்களில் பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்த தலையோடு நேராகக் கதிரையில் உட்காராமல், ஒரு துவாயைக் கையில் கொண்டுபோய்த் துடைத்து, தலை காய்ந்த பின் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விடயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கி, மச்சத்தையும் தழும்பையும் அழித்து, கன்னத்தை மழமழவென்று ஆக்கித் தரும் பழக்கம் நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் உண்டு. திருமண அல்பத்துக்கு அது அவரவர் விருப்பம். அடையாளப் படத்துக்கு அது கேடு: கருமபீடத்தில் இருப்பவர் படத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கும்போது இரண்டும் ஒருவரல்ல என்று தோன்றினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். விமான நிலையத்தில் அது இன்னும் பெரிய தொல்லையாக முடியலாம். "நிறத்தை மாற்ற வேண்டாம், மச்சத்தை அழிக்க வேண்டாம்" என்று படம் எடுக்கும் முன்பே சொல்லுங்கள். அனுப்பும் முன் கணினித் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். வெயிலில் மலையேறி உழைத்த முகத்தில் எதுவும் மறைப்பதற்கில்லை. திணைக்களத்துக்கும் அந்த முகம்தான் வேண்டும்.

4. பற்றுச்சீட்டுதான் உங்கள் படம்

படம் கணினி வழியாகப் போய்விடுவதால் உங்கள் கையில் எஞ்சுவது இலக்கம் அச்சிட்ட ஒரு பற்றுச்சீட்டு மட்டுமே. அந்த இலக்கத்தை வைத்துத்தான் திணைக்களத்தில் உங்கள் விண்ணப்பத்தையும் உங்கள் முகத்தையும் இணைக்கிறார்கள். அச்சிட்ட படங்கள் எத்தனை கொண்டு போனாலும் இந்தத் துண்டு இல்லாவிட்டால் பயனில்லை. பெயர், திகதி, எந்தத் திணைக்களம் என்ற மூன்றையும் ஸ்டூடியோவிலேயே வாசித்துச் சரிபாருங்கள். இலக்கத்தின் மேல் பின் அடிக்காதீர்கள், மடிப்பு விழவும் விடாதீர்கள். தொலைபேசியில் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் சேர்த்து எடுப்பவர்களுக்கு இரண்டு பற்றுச்சீட்டுகள் வரும். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் எதற்குரியது என்று எழுதி வைத்தால் குழப்பம் வராது.

அடையாளப் படம் ஆறு மாதங்களுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே பொது நடைமுறை. எனவே மற்றப் பத்திரங்கள் எல்லாம் தயாரான பின், கடைசியாகப் படத்தை எடுங்கள். பலர் எளிதானது என்பதால் இதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

5. சான்றுப்படுத்துபவர் யார்

15 வயது நிறைந்தவர்கள் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் படிப்பவர்களுக்கு அதிபர் சான்றுப்படுத்துவார். சாதாரணதரப் பரீட்சைக்கு அட்டை தேவைப்படுவதால், பாடசாலையில் படிவம் கொடுக்கும் காலத்தைத் தவறவிடாதீர்கள். மற்றவர்களுக்குக் கிராம உத்தியோகத்தர். தோட்டத்தில் வசிப்பவர்களுக்குத் தோட்ட அத்தியட்சகரும் சான்றுப்படுத்தலாம். துரையிடம் (அத்தியட்சகரிடம்) போவதா, கிராம உத்தியோகத்தரிடம் போவதா என்பதை முடிவு செய்யும்போது, வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று பாருங்கள். கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும்.

தொலைந்த அட்டைக்குப் பதிலாக எடுப்பவர்கள் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும், திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றுபவர்கள் திருமணச் சான்றிதழையும் சேர்க்க வேண்டும். அத்தியட்சகரும் கிராம உத்தியோகத்தரும் எந்த நேரத்தில் ஒப்பமிடுவார்கள் என்பது கதவிலோ அறிவிப்புப் பலகையிலோ ஒட்டப்பட்டிருக்கும். பௌர்ணமி நாளில் அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதை நாட்காட்டியில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

6. பிரதிகள்

கொமியூனிகேஷன் கடையில் எடுக்கும் போட்டோ கொப்பி ஒரு படம் மட்டுமே; அலுவலர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையொப்பமும் முத்திரையும் இட்ட பின்னர்தான் அது உறுதிப்படுத்திய பிரதியாகிறது. பதிவாளர் பிரிவிலிருந்து வாங்கிய சான்றிதழ்ப் பிரதி என்பது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை. அதைத்தான் பெரும்பாலும் "மூலம்" என்று கேட்கிறார்கள். அதை ஒப்படைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காமல் போகலாம் என்பதால், ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.

பிரதியில் இருந்து பிரதி எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எழுத்தின் ஓரங்கள் தேய்ந்துகொண்டே போகும். அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் ஒரே தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். லயத்துக் கூரையிலிருந்து ஒழுகும் நீருக்குப் பயந்து சான்றிதழ்களை லெமினேட் செய்து வைத்திருக்கும் வீடுகள் பல. அச்சம் நியாயமானது, ஆனால் லெமினேட் செய்த தாளின் மேல் எழுதவோ முத்திரையிடவோ முடியாது, உறையைப் பிரித்தால் தாளும் சேர்ந்து கிழியும். கடையில் கிடைக்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கோப்புறைக்குள் போட்டு, தகரப் பெட்டியில் வையுங்கள்.

7. ஸ்கேன் செய்த கோப்பு

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது கேட்பது இதுதான். தொலைபேசியில் சாய்வாகப் பிடித்து எடுத்த புகைப்படத்தில் கை நிழலும் மேசை விரிப்பும் சேர்ந்து வரும். ஓரங்களும் கோணலாக இருக்கும். கடையில் தட்டையான ஸ்கேனரில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த அளவில் ஏ4 தாள் ஒன்று 2480க்கு 3508 புள்ளிகளாக வரும். சான்றிதழின் சிறிய எழுத்தையும் முத்திரையின் வட்டத்தையும் வாசிக்க அது போதும். புகைப்படக் கோப்பு ஒன்றுக்கு 35க்கு 45 மில்லிமீற்றர் என்பது அதே அளவில் சுமார் 413க்கு 531 புள்ளிகள். சிறிய கோப்பொன்றைக் கணினியில் பெரிதாக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடுமே தவிர, இல்லாத விவரம் வந்து சேராது.

அடுத்த பொறி வட்ஸ்அப். கடைக்காரர் ஸ்கேன் செய்ததை உங்களுக்கு வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், செயலி அதைச் சுருக்கிவிடும். நீங்கள் அதை வெளிநாட்டில் உள்ள தம்பிக்கு அனுப்பி, அவர் அதை முகவருக்கு அனுப்பும்போது, இலக்கங்கள் கரைந்து கறையாகியிருக்கும். படமாக அனுப்பாமல், இணைப்புக் குறியை அழுத்தி "ஆவணம்" என்ற தெரிவின் வழியே அனுப்பச் சொன்னால் கோப்பு அப்படியே வரும். மின்னஞ்சலுக்கு அனுப்பினால் இன்னும் நல்லது, பிறகு தேடி எடுக்கவும் வசதி. கடைக் கணினியில் உங்கள் கோப்பை விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் ஒன்றாக வேறொருவர் கையில் சிக்கினால், உங்கள் பெயரில் அவர் எதையும் தொடங்கலாம்.

8. விரல் அடையாளம்

கடவுச்சீட்டுக்கு 16 முதல் 60 வயதுவரை உள்ளவர்கள் விரல் அடையாளம் கொடுக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் இங்கே சிரமப்படுவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. சுட்டுவிரலின் பக்கமும் பெருவிரலின் நுனியும் தேயிலைச் சாற்றில் கறுத்து, குளிரில் வெடித்து, ரேகைகள் தேய்ந்திருக்கும். கண்ணாடித் தட்டில் விரலை வைத்தால் திரையில் வெறும் சாம்பல் நிறத் திட்டுதான் தெரியும். மறுபடி, மறுபடி என்று அலுவலர் சொல்ல, பின்னால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கும். அவர்கள் கூசிப்போக வேண்டியதில்லை. அது உழைப்பின் தடம். கருவிக்குத்தான் அதை வாசிக்கத் தெரியவில்லை.

சில நாட்களுக்கு முன்பிருந்தே இரவில் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். முடிந்தால் முதல் நாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் இருங்கள். அன்று காலையில் எலுமிச்சையும் சவர்க்காரமும் கொண்டு கறையைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். விறைத்துக் காய்ந்த தோலைவிட இளஞ்சூட்டோடு சிறிது ஈரமாக இருக்கும் தோல் தெளிவாகப் பதியும். விரலை அழுத்தி நசுக்காமல், தட்டையாக வைத்து அசையாமல் இருங்கள்.

9. பணமும் நாளும்

2022 நவம்பரில் மாற்றிய கட்டணப்படி அடையாள அட்டையை முதன்முறை பெற 200 ரூபா, திருத்தத்துக்கு 500 ரூபா, தொலைந்ததற்குப் பதிலாகப் பெற 1,000 ரூபா. கடவுச்சீட்டுக்கு 2024 டிசம்பரிலிருந்து சாதாரண சேவைக்கு 10,000 ரூபாவும் ஒரு நாள் சேவைக்கு 20,000 ரூபாவும். புறப்படும் வாரத்தில் திணைக்கள இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே நாள் பதிய வேண்டுமா என்பதையும் அங்கேயே பாருங்கள். ஸ்டூடியோக் கட்டணம் கடைக்குக் கடை வேறுபடும், ஆகவே உட்காரும் முன் கேளுங்கள்.

ஆட்பதிவுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருந்தாலும் நுவரெலியாவில் ஒரு மாகாண அலுவலகம் உண்டு. கடவுச்சீட்டுக்குக் கண்டியில் கிளை அலுவலகம் இருக்கிறது. கொழும்புக்கு இரவு பஸ் ஏறும் முன், உங்கள் வேலை இவற்றில் முடியுமா என்று விசாரியுங்கள். "நான் எல்லாம் பார்த்துத் தருகிறேன்" என்று வாசலில் நிற்கும் தரகர் வாங்கும் தொகை அலுவலகக் கட்டணத்தைவிட அதிகமாகவும் இருக்கலாம். மேலே சொன்ன தாள்கள் சரியாக இருந்தால் அவரால் கூடுதலாகச் செய்யக்கூடியது எதுவுமில்லை. சம்பள நாளை ஒட்டிய சனிக்கிழமைகளில் ஸ்டூடியோவும் கொப்பிக் கடையும் நிறைந்து வழியும். வேலைநாள் ஒன்றின் காலையில் போனால் படத்தைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்க்க நேரம் கிடைக்கும்.

10. முகவரி

சாதாரண சேவையில் கடவுச்சீட்டு அஞ்சலிலோ கூரியரிலோ வீடு தேடி வரும். லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லாததால் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதியவர்களின் கடிதங்கள் தோட்ட அலுவலகத்திலோ தபாற்கந்தோரிலோ நாட்கணக்கில் கிடக்கும். சில நேரம் திரும்பியும் போய்விடும். தோட்டம், டிவிசன், லய இலக்கம், காம்பிரா (அறை) இலக்கம், தபாற்கந்தோர் என்று முழுமையாக எழுதுங்கள். அடையாள அட்டை விண்ணப்பத்திலும் கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் அது ஒரே மாதிரி இருக்கட்டும். பள்ளத்து டிவிசன்களில் தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது என்பதால், நகரத்தில் இருக்கும் உறவினர் ஒருவரின் இலக்கத்தை அவரிடம் சொல்லிவிட்டு இரண்டாவது இலக்கமாகக் கொடுங்கள். விண்ணப்பித்த திகதியையும் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் எழுதிய தாளின் ஒரு பிரதியைத் தோட்டத் தபால் எடுத்து வருபவரிடமும் கொடுத்து வையுங்கள்.